பிட் தானாகப் புரண்டதா? கதிர்வீச்சால் வரும் நினைவகப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தேடும் வழி

மைக்ரோகன்ட்ரோலர் (கருவிக்குள் இருந்து அதை இயக்கும் சின்னக் கணினிச் சிப்) போர்டு ஒன்று காரணம் புரியாமல் தடுமாறினால், "இது கதிர்வீச்சாக இருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் மேசைக்கு வரும். இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மின்சப்ளை, இல்லாவிட்டால் ஸ்டாக் (நிரல் தற்காலிகத் தரவை அடுக்கும் ரேம் பகுதி) நிரம்பி வழிவது. மீதி கொஞ்சத்தில் உண்மையாகவே பிட் புரண்டிருந்தது, அதாவது துகள் ஒன்று பட்டு நினைவகத்தில் 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறியிருந்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது எப்போதும் ஒன்றுதான்: ரீசெட் ஆவதற்கு முன் என்ன நடந்தது என்ற பதிவு. பதிவு இருந்த போர்டுகள் ஓரிரு நாளில் தெளிந்தன. இல்லாதவை மாதக்கணக்கில் இழுத்தடித்தன.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னும் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்.

## முதல் வேலை: ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள்

தவறு நடந்த நிலையில் போர்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை அப்படியே விடுங்கள் (சிப் சுடுகிறது என்றால் மட்டும் நேராக அறிகுறி 5-க்குப் போங்கள்). டீபக்கரை (ஓடும் சிப்பின் உள்ளே பார்க்க உதவும் கருவி) ரீசெட் இல்லாமல் இணைத்து, முழு ரேமையும் ஒரு கோப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். பெரிஃபெரல் ரெஜிஸ்டர்களையும் (டைமர், தொடர்பு வாயில் போன்ற துணைப் பகுதிகளின் அமைப்பு மதிப்புகள்) சேர்த்து இறக்குங்கள். சப்ளை மின்னோட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். இவ்வளவும் ஆன பிறகு ரீசெட் செய்யலாம்.

போர்டு கைக்கெட்டாத இடத்தில் இருந்தால் ஃபர்ம்வேரே இந்த வேலையைச் செய்ய வேண்டும். தொடக்க நிரல் பூஜ்யமாக்காத ஒரு சின்ன ரேம் பகுதியை லிங்கர் ஸ்கிரிப்டில் (நிரலும் தரவும் எந்த முகவரியில் அமரும் என்று சொல்லும் கோப்பு) ஒதுக்குங்கள். ஃபால்ட் ஹேண்ட்லருக்குள் (செயலி பிழையைக் கண்டதும் ஓடும் நிரல்) வந்ததும் புரோகிராம் கவுன்டர், லிங்க் ரெஜிஸ்டர், ஸ்டாக் பாயிண்டர், ஃபால்ட் முகவரி நான்கையும் ஒரு சிஆர்சியோடு (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) அதில் எழுதுங்கள். அடுத்த முறை போர்டு எழும்போது, ரீசெட் காரண ரெஜிஸ்டரோடு சேர்த்து அதை வெளியே அனுப்பட்டும். ஏவிஆர் சிப்களில் ஒரு சிக்கல் உண்டு. பூட்லோடர் (உங்கள் நிரலுக்கு முன் ஓடும் சின்ன நிரல்) அந்தக் காரண ரெஜிஸ்டரைத் தானே அழித்துவிட்டு உங்கள் நிரலுக்கு வழிவிடலாம். பூட்லோடர் அதைப் படித்து உங்களுக்குக் கடத்துகிறதா என்று பாருங்கள்.

## இரண்டாம் வேலை: எண்ணிக்கை ஒத்துப்போகிறதா?

பாதுகாப்பு இல்லாத சாதாரண எஸ்ரேமில் (மைக்ரோகன்ட்ரோலர்களில் இருக்கும் ரேம் வகை), கடல் மட்டத்தில், ஒரு மெகாபிட்டுக்குச் சில நூறு முதல் ஆயிரம் ஃபிட் வரை என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஃபிட் என்றால் 100 கோடி மணி நேரத்துக்கு இத்தனை பிழை. உங்கள் சிப்பில் 64 கிலோபைட் ரேம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அரை மெகாபிட். ஆயிரம் ஃபிட் என்றே எடுத்தாலும் 20 லட்சம் மணி நேரத்துக்கு ஒரு பிழை, அதாவது சுமார் 228 ஆண்டுக்கு ஒன்று.

எனவே மேசையில் இருக்கும் ஒரே ஒரு போர்டு வாரத்துக்கு ஒருமுறை தடுமாறினால், அதற்கு அண்டக்கதிர் காரணமல்ல. அதே போர்டு களத்தில் ஆயிரம் ஓடினால் கதை வேறு. அப்போது சராசரியாக 83 நாளைக்கு ஒரு பிழை எங்கோ ஒன்றில் வரும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு போர்டில். பயணிகள் விமானம் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் அண்டக்கதிரால் உருவாகும் நியூட்ரான்கள் சில நூறு மடங்கு அதிகம். 300 மடங்கு என்று வைத்தால், அங்கே தனி ஒரு போர்டுக்கே ஒன்பது மாதத்துக்கு ஒரு பிழை. செயற்கைக்கோள், கதிர்மருத்துவக் கருவி இருக்கும் அறை, துகள் முடுக்கிக் கூடம் எல்லாம் இதைவிடக் கடுமையான இடங்கள். அங்கே சூழலை அளந்துதான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கும் களமும் பத்து மடங்குக்கு மேல் விலகி நின்றால் முதலில் கதிர்வீச்சல்லாத காரணங்களையே தேடுங்கள்.

## அறிகுறி 1: நிரல் நன்றாக ஓடுகிறது, ஒரு மாறியின் மதிப்பு மட்டும் தவறு

இருக்க வேண்டிய மதிப்பையும் இருக்கும் மதிப்பையும் எக்ஸார் செய்து பாருங்கள், மாறிய பிட்கள் மட்டும் தனியாகத் தெரியும். 1250 இருக்க வேண்டிய இடத்தில் 17634 இருக்கிறது என்றால் வித்தியாசம் 16384. அது 2-இன் 14-ஆம் அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட். 2003-இல் பெல்ஜியத்தின் ஷார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்ததைக் கண்டுபிடித்தபோதும் இதே தடயம்தான் இருந்தது. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. அதற்கு அண்டக்கதிர்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் நிரலில் தவறு கிடைக்காத நிலையில், பிட் புரண்டிருக்கிறது என்று சொல்ல அந்த எண்ணே போதுமானதாக இருந்தது.

ஒரு பிட் வித்தியாசம் கிடைத்ததும் முடிவுக்கு ஓடிவிடாதீர்கள். நான் ஏமாந்த இடம் இதுதான். 8 பிட் சிப்பில் 16 பிட் எண்ணி ஒன்றை இன்டரப்ட் (மெயின் லூப்பை இடைமறித்து ஓடும் நிரல்) ஏற்றுகிறது, மெயின் லூப் படிக்கிறது. எண்ணி 255-இல் இருக்கும்போது மெயின் லூப் கீழ்ப் பைட்டைப் படித்துவிட்டது. அந்தக் கணத்தில் இன்டரப்ட் வந்து எண்ணியை 256 ஆக்குகிறது. பிறகு மெயின் லூப் மேல் பைட்டைப் படிக்கிறது. கையில் கிடைப்பது 511. 255-க்கும் 511-க்கும் எக்ஸார் 256, சுத்தமான ஒற்றைப் பிட்! பார்த்தால் கதிர்வீச்சு மாதிரியே இருக்கும்.

பிரித்தறிவது எளிது. அதே முகவரியை மறுபடி படியுங்கள். புரண்ட பிட் புரண்டபடியே ரேமில் உட்கார்ந்திருக்கும். அரைகுறையாகப் படித்த மதிப்பு அடுத்த வாசிப்பில் சரியாகிவிடும்.

இதற்கான காரணங்களை மலிவானதிலிருந்து பார்த்து வாருங்கள்.

முதலில் பகிரப்படும் மாறிகள். இன்டரப்டும் மெயின் லூப்பும் தொடும் ஒவ்வொரு பெரிய மாறியையும் பட்டியலிட்டு, படிக்கும்போது இன்டரப்டை நிறுத்துகிறதா என்று பாருங்கள். அடுத்தது வரம்பு மீறிய எழுத்து. மேப் கோப்பைத் (மாறிகளின் முகவரிப் பட்டியல்) திறந்து, கெட்டுப்போன மாறிக்கு முன்னால் எந்த அரே இருக்கிறது என்று தேடுங்கள். பக்கத்து மாறிகளும் சேர்ந்து கெட்டிருந்தால் சந்தேகம் முழுவதும் அந்த அரே மேலும் டிஎம்ஏ (செயலியின் துணையில்லாமல் ரேமில் தரவை எழுதும் பகுதி) மேலும் விழ வேண்டும். அப்புறம் ஸ்டாக். ரேமின் கடைசிப் பகுதியைத் தொடக்கத்தில் ஒரு தெரிந்த வடிவத்தால் நிரப்பி, ஒரு நாள் ஓடவிட்டு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் பார்த்த "கதிர்வீச்சுப் பிழை"களில் மிக அதிகமானவை இந்த ஒரு சோதனையில் தீர்ந்தன.

அடுத்து சப்ளை மின்னழுத்தம். இது இரண்டு வகையில் முக்கியம். சரிவு இருந்தால் அதுவே ரேமைக் கெடுக்கும். சரிவு இல்லாமல் நிரந்தரமாகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டினால் ரேம் செல்லைப் புரட்டத் தேவைப்படும் மின்னூட்டம் குறைந்து, உண்மையான பிட் புரளலும் கூடும். சிப் 1.8-லும் 3.3-லும் ஓடும் என்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த எடுத்த முடிவைக் கடுமையான சூழலில் மறுபரிசீலனை செய்யுங்கள். ஆனால் சிப்புக்குள்ளேயே ரெகுலேட்டர் வைத்து ரேமுக்குத் தனி மின்னழுத்தம் தரும் வகைகளில் வெளி மின்னழுத்தத்தை உயர்த்துவதால் இந்தப் பயன் கிடைக்காது.

இவை எல்லாம் சுத்தம், எண்ணிக்கையும் கணக்கோடு ஒத்துப்போகிறது என்றால் பிட் புரண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தீர்வையும் மலிவானதிலிருந்தே தொடங்குங்கள். முக்கியமான மாறிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்: மருந்தளவு, வால்வு நிலை, வெப்ப வரம்பு, நிலை இயந்திரத்தின் (ஓடு, நிறுத்து என்று நிலை மாறும் நிரல் பகுதி) நிலை. ஒவ்வொன்றுக்கும் தலைகீழாக்கிய பிரதி ஒன்றை வேறொரு இடத்தில் வையுங்கள். பயன்படுத்தும் முன் இரண்டையும் ஒப்பிட்டால் பிழை தெரியும், ஆனால் எது சரி என்று தெரியாது. திருத்தவும் வேண்டுமென்றால் மூன்று பிரதியும் பெரும்பான்மை வாக்கும் வேண்டும். அதற்கு அறிகுறி 7-ஐப் பாருங்கள். நிலைகளுக்கு 0, 1, 2 என்று எண் கொடுக்காமல், ஒன்றுக்கொன்று நான்கு பிட்டாவது வேறுபடும் எண்களைக் கொடுங்கள். 1 புரண்டு 0 ஆனால் "நிறுத்து" என்பது "ஓடு" ஆகிவிடும். விலகி நிற்கும் எண் புரண்டால் எந்த நிலைக்கும் பொருந்தாமல் டீஃபால்ட் கிளைக்குப் போகும், அங்கே பாதுகாப்பான நிறுத்தத்தை வைக்கலாம்.

இதற்கும் மேலே போக வேண்டுமென்றால் ஈசிசி ரேம் உள்ள சிப்புக்கு மாறுவதுதான் வழி. 32 பிட்டுக்கு 7 கூடுதல் பிட் வைத்து ஒற்றைப் பிட்டைத் திருத்தி, இரட்டைப் பிட்டைக் கண்டுபிடிக்கும் முறை அது. போர்டை மறுபடி வடிவமைக்க வேண்டிவரும் என்பதால் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஒரு நோயாளி மேலோ, மனிதர் நிற்கும் இயந்திரத்திலோ இந்த மாறி செயல்படுகிறது என்றால், மேலே சொன்ன எதையும் தனியாகச் செய்து களத்துக்கு அனுப்பாதீர்கள். முதல் ஒற்றைப் பிட் சான்று கிடைத்த அன்றே கருவியை நிறுத்திவிட்டு, செயல்பாட்டுப் பாதுகாப்பு தெரிந்த பொறியாளரையும் கருவித் தயாரிப்பாளரையும் கூப்பிட வேண்டும்.

## அறிகுறி 2: ஈசிசி ரேம் வைத்த பிறகு பிழை குறையவில்லை, கூடியிருக்கிறது

போர்டு எழுந்த உடனே இரட்டைப் பிட் பிழை வருகிறதா? அப்படியென்றால் ரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் வந்ததும் ரேமில் கண்டபடி மதிப்புகள் இருக்கும். கூடுதல் பிட்களும் அப்படியே. எழுதாத இடத்தைப் படித்தால் பிழை என்றுதான் சொல்லும். தொடக்கத்திலேயே முழு ரேமையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். எஸ்டிஎம்32 எல்4 வரிசையில் எஸ்ரேம்2 பகுதிக்குப் பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கும், ஆனால் திருத்தாத கூடுதல் பிட்) உண்டு. அது தயாரிப்பாளர் தரும்போது அணைந்திருக்கும், ஆப்ஷன் பிட்டால் இயக்க வேண்டும். இயக்கியதும் இதே பிரச்சினை அங்கேயும் வரும், தீர்வும் இதே.

எழுந்து பல நாள் கழித்து இரட்டைப் பிட் பிழை வருகிறது என்றால் பெரும்பாலும் துடைத்தல் (ரேமை அவ்வப்போது படித்துத் திருத்தி எழுதுவது) இல்லை. ஈசிசி ஒரு சொல்லைப் படிக்கும்போதுதான் திருத்தும். பல சிப்களில் திருத்திய மதிப்பைச் செயலிக்குத் தருமே தவிர ரேமில் திரும்ப எழுதாது. மாதக்கணக்கில் யாரும் படிக்காத அட்டவணையில் முதல் பிட் புரண்டு கிடக்கும்போது இரண்டாவது பிட்டும் புரண்டால், திருத்த முடியாது. சும்மா இருக்கும் நேரத்தில் ரேம் முழுவதையும் சொல் சொல்லாகப் படித்துத் திரும்ப எழுதும் ஒரு பணியை வையுங்கள். அந்தப் படி-எழுது ஜோடிக்கு நடுவில் இன்டரப்ட் நுழையக் கூடாது. டிஎம்ஏ எழுதும் பகுதிகளை இதிலிருந்து விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புதிதாக வந்த தரவின் மேல் பழையதை எழுதிவிடும்.

திருத்திய பிழைகளின் எண்ணிக்கையையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஈசிசி அமைதியாகத் திருத்திக்கொண்டே போனால் சூழல் மோசமாவது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

## அறிகுறி 3: எப்போதாவது தானாக ரீசெட் ஆகிறது

ரீசெட் காரண ரெஜிஸ்டர் சொல்வதைக் கேளுங்கள்.

பிரவுன்-அவுட் (மின்னழுத்தச் சரிவு) என்றால் மின்சப்ளை. ஆசிலாஸ்கோப்பை சிப்பின் சப்ளை முனையிலேயே வைத்து, மோட்டாரோ ரேடியோவோ இயங்கும் கணத்தில் சரிவைப் பிடியுங்கள். வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் நிரல் தொடாவிட்டால் ரீசெட் செய்யும் டைமர்) என்றால் எந்தப் பணி நேரம் தவறியது என்று பதிவில் தேடுங்கள். மெதுவான ஃபிளாஷ் (நிரல் இருக்கும், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) அழிப்பு ஒன்று நேரத்தைத் தின்றிருக்கும். ஹார்ட் ஃபால்ட் (செயலி தொடர முடியாத பிழை) வழியாக மென்பொருளே ரீசெட் செய்திருந்தால், சேமித்த நான்கு மதிப்புகளையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே புரோகிராம் கவுன்டர் வந்தால் நிரலில் தவறு. ஒவ்வொரு முறையும் வேறு இடம், பாயிண்டர்களில் ஒரு பிட் மட்டும் விலகல், எண்ணிக்கையும் கணக்குக்குள் என்றால் கதிர்வீச்சு.

அப்படி உறுதியானால் ரீசெட்டைத் தடுக்கப் பாடுபடாதீர்கள். ரீசெட் ஆகி அரை நொடிக்குள் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வடிவமைப்பதே சரியான வழி. பயன்படாத ஃபிளாஷ் இடம் முழுவதையும் செல்லாத கட்டளையால் நிரப்பிவிடுங்கள். வழிதவறிய நிரல் அங்கே விழுந்ததும் ஃபால்ட்டில் மாட்டும்.

## அறிகுறி 4: உறைந்து நிற்கிறது, வாட்ச்டாக்கும் காப்பாற்றவில்லை

வாட்ச்டாக்குக்கு எங்கிருந்து உணவு போடுகிறீர்கள், அதாவது அதன் டைமரை எங்கிருந்து திரும்பத் தொடங்கிவைக்கிறீர்கள்? டைமர் இன்டரப்ட்டுக்குள்ளிருந்து என்றால் காரணம் கிடைத்துவிட்டது. மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் தன் பாட்டுக்கு ஓடி வாட்ச்டாக்கைத் திருப்திப்படுத்தும். ஒவ்வொரு பணியும் தன் கொடியை ஏற்ற வேண்டும், எல்லாக் கொடியும் ஏறியிருந்தால் மட்டும் ஒரே இடத்தில் உணவு போட வேண்டும். சீக்கிரமாக வந்தாலும் பிழை என்று சொல்லும் விண்டோ வாட்ச்டாக் இன்னும் நல்லது. ஒரு சின்ன வளையத்தில் மாட்டிக்கொண்டு உணவு மட்டும் போடும் நிரலையும் அது பிடித்துவிடும்.

அது சரியாக இருந்தும் உறைகிறது, ரீசெட் முனையை இழுத்தாலும் எழவில்லை, மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால்தான் எழுகிறது என்றால், சிப்பின் உள் கட்டுப்பாட்டுப் பகுதியே ஏடாகூடமான நிலைக்குப் போயிருக்கிறது. சோதனை முறை, டீபக் முறை போன்றவற்றைக் காக்கும் உள் பிட்கள் புரண்டால் இப்படி ஆகும். உள் வாட்ச்டாக் இங்கே உதவாது. ரீசெட் முனையை இழுப்பதோடு நிற்காமல் மின்சாரத்தையே துண்டிக்கும் வெளி வாட்ச்டாக் தேவை. அதோடு அடுத்த அறிகுறியையும் தவறாமல் படியுங்கள்.

## அறிகுறி 5: மின்னோட்டம் திடீரென ஏறுகிறது, சிப் சுடுகிறது

இங்கே யோசிக்க நேரமில்லை, உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். 20 மில்லியாம்பியர் குடித்த சிப் 200 குடிக்கிறது, ரீசெட் செய்தாலும் குறையவில்லை என்றால் அது லாட்ச்-அப். சிப்புக்குள் தேவையில்லாமல் உருவாகியிருக்கும் தைரிஸ்டர் (ஒருமுறை ஆன் ஆனால் மின்னோட்டம் நிற்கும் வரை அணையாத சுவிட்ச்) அமைப்பு ஒன்று ஆன் ஆகி, சப்ளையையும் தரையையும் இணைத்துவிட்டது. விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் இழைகள் எரியும். உடனே எரியாவிட்டாலும் நலிந்து, சில வாரம் கழித்துச் சாகும்.

எளிய காரணங்கள் முதலில். மின்சாரம் இருக்கும்போதே கேபிளைச் செருகிப் பிடுங்கும் பழக்கம், சப்ளை வருவதற்கு முன் சிக்னல் வருவது, நீளமான கம்பியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் அலை, நிலைமின்சாரம். இவை எல்லாம் கதிர்வீச்சு இல்லாமலேயே லாட்ச்-அப்பைத் தூண்டும். உள்ளீடுகளில் தொடர் ரெசிஸ்டரும் பாதுகாப்பு டயோடும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இவை இல்லை, கருவியோ கதிர்வீச்சு மிகுந்த சூழலில் இருக்கிறது என்றால், மின்னோட்டத்தைக் கவனித்து வெட்டும் சுவிட்ச் ஒன்றை சிப்பின் சப்ளையில் வையுங்கள். இயல்பான உச்ச மின்னோட்டத்தை அளந்து, அதைவிட ஓரளவு மேலே வரம்பை அமையுங்கள். தாண்டினால் சில மில்லிநொடிக்குள் வெட்டி, போதிய நேரம் காத்திருந்து மறுபடி கொடுக்க வேண்டும்.

இந்தச் சுவிட்ச் வைத்தும் சரியாகாத போர்டு ஒன்று எங்களிடம் வந்தது. சுவிட்ச் சரியாகவே வெட்டியது. ஆனால் சிப்பின் சப்ளை முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 1.4 வோல்ட் நின்றுகொண்டே இருந்தது. ஒரு மாலை முழுவதும் கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் பார்த்தோம். கடைசியில் யுஆர்டி (தொடர் தரவுத் தொடர்பு) கம்பியைக் கழற்றியதும் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. பக்கத்துப் போர்டு அந்தக் கம்பியை 3.3 வோல்ட்டில் பிடித்து வைத்திருந்தது. அந்த மின்சாரம் உள்ளீட்டுப் பாதுகாப்பு டயோடு வழியாக ஏறி சிப்பைப் பாதி உயிரோடு வைத்திருந்தது. பாதி உயிர் போதும், லாட்ச்-அப் விடாது. சப்ளையை வெட்டும்போது சிக்னல் கம்பிகளையும் வெட்டவோ தாழ்த்தவோ வேண்டும். பெரிய கெப்பாசிட்டர்களை வடிக்க ஒரு ரெசிஸ்டரும் வேண்டும். வெட்டிய பின் சப்ளை முனை உண்மையில் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று ஆசிலாஸ்கோப்பில் ஒருமுறையாவது பாருங்கள்.

ஒருமுறை லாட்ச்-அப் ஆன சிப்பை முக்கியமான கருவியில் திரும்ப நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஒரே மாடலில் இரண்டாவது போர்டிலும் கதிர்வீச்சு லாட்ச்-அப் வந்தால் சிப்பின் தேர்விலேயே தவறு. அந்த இடத்தில் நிபுணரை அழையுங்கள். வொராகோவின் விஏ10820, மைக்ரோசிப்பின் ஏடிமெகாஎஸ்128 போன்ற கதிர்வீச்சுக்கென்றே செய்த சிப்கள் இருக்கின்றன. விலை பல மடங்கு. அது தேவையா, சுவிட்சே போதுமா என்பதைச் சோதனைத் தரவை வைத்து அவர்தான் சொல்ல முடியும்.

## அறிகுறி 6: நிரல் ஓடுகிறது, ஆனால் ஒரு பெரிஃபெரல் மட்டும் செத்துவிட்டது

யுஆர்டி திடீரென்று குப்பை அனுப்புகிறது. ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தருகிறது. ஒரு முனை உள்ளீடாக மாறிவிட்டது. ரீசெட் செய்தால் எல்லாம் சரி. பெரிஃபெரல்களின் அமைப்பு ரெஜிஸ்டர்களும் நினைவகம்தான். எல்லோரும் ரேமைக் காப்பார்கள், இவற்றை மறந்துவிடுவார்கள்.

முதலில் இறக்கி வைத்த ரெஜிஸ்டர் கோப்பை நல்ல போர்டின் கோப்போடு ஒப்பிடுங்கள். விலகல் எதுவும் இல்லை என்றால் கம்பி, கனெக்டர், எதிர்ப்பக்கக் கருவி ஆகியவற்றைப் பாருங்கள். ஐ2சி (இரு கம்பித் தரவுத் தொடர்பு) என்றால் அடிமைக் கருவி தரவுக் கம்பியைப் பிடித்து வைத்திருக்கலாம். ஒன்பது கடிகாரத் துடிப்பு கொடுத்து விடுவியுங்கள். பல பிட்கள் விலகியிருந்தால் உங்கள் நிரலிலேயே யாரோ எழுதுகிறார்கள். ஒரே பிட் என்றால், தீர்வு மிக மலிவு: எல்லா அமைப்பு ரெஜிஸ்டர்களையும் ஃபிளாஷில் உள்ள அட்டவணையோடு நொடிக்கு ஒருமுறை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் திரும்ப எழுதுங்கள். மாறினாலும் மாறாவிட்டாலும் எழுதிக்கொண்டே இருப்பது சில பெரிஃபெரல்களில் நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றத்தை அறுத்துவிடும். முனைகளின் திசை, கடிகார அமைப்பு, இன்டரப்ட் அனுமதி, இந்த மூன்றும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

வாயேஜர் 2 விண்கலம் 2010-இல் புரியாத வடிவில் தரவு அனுப்பத் தொடங்கியபோதும் கண்டுபிடித்தது நினைவகத்தில் புரண்ட ஒற்றைப் பிட்டைத்தான். அவர்களும் முதலில் நினைவகத்தை முழுவதுமாக இறக்கி ஒப்பிட்டார்கள். பிறகுதான் ரீசெட் செய்தார்கள்.

## அறிகுறி 7: மூன்று பிரதி வைத்தும் தவறான மதிப்பு வருகிறது

இந்த இடத்தில் நிதானம் தேவை, ஏனென்றால் பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையே தேடலைக் கெடுக்கும்.

முதல் சந்தேகம் கம்பைலர். மூன்று மாறிகளுக்கு ஒரே மதிப்பை எழுதி, உடனே மூன்றையும் ஒப்பிட்டால், "இவை எப்போதும் சமம்தானே" என்று கம்பைலர் கண்டுபிடித்து ஒப்பீட்டையே தூக்கிவிடும். மூலநிரலில் மூன்று பிரதி இருக்கும், சிப்பில் ஒன்றுதான் இருக்கும். டிஸ்அசெம்பிளியைத் (கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளின் பட்டியல்) திறந்து மூன்று தனித்தனி வாசிப்புக் கட்டளைகள் இருக்கின்றனவா என்று கண்ணால் எண்ணுங்கள். இல்லாவிட்டால் மாறிகளுக்கு வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் குறிப்பு) போடுங்கள். ஆப்டிமைசேஷன் நிலையை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, பிரதிகளின் இடம். மூன்றும் அடுத்தடுத்த முகவரியில் இருந்தால், ஒரே துகள் பக்கத்துப் பக்கத்து செல்களைப் புரட்டும்போது இரண்டு பிரதிகள் சேர்ந்து கெடலாம். லிங்கரில் மூன்று தனிப் பகுதிகள் ஒதுக்கி, முடிந்தால் வேறு வேறு ரேம் வங்கிகளில் வையுங்கள்.

மூன்றாவது, வாக்கெடுத்துவிட்டு முடிவைத் திரும்ப எழுதாமல் விடுவது. கெட்ட பிரதி கெட்டபடியே இருக்கும், இரண்டாவதும் கெடும் நாளில் பெரும்பான்மை தவறான பக்கம் போய்விடும். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் மூன்றையும் திருத்தி எழுதுங்கள், திருத்தம் நடந்தால் எண்ணியையும் ஏற்றுங்கள்.

அப்புறம் இன்டரப்ட். இரண்டு பிரதிகளை எழுதி மூன்றாவதை எழுதும் முன் இன்டரப்ட் வந்து வாக்கெடுத்தால் பழையதும் புதியதும் கலந்து கிடைக்கும்.

நான்கும் சரி என்றால் மூன்று பிரதியிலும் ஒரே தவறான மதிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூன்றும் ரேமில் தனித்தனியாகப் புரண்டிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். பெரும்பாலும் உங்கள் நிரல்தான் தவறான மதிப்பை மூன்று முறை கவனமாக எழுதியிருக்கிறது.

சரிசெய்த பிறகு சோதிக்கக் கதிர்வீச்சு தேவையில்லை. டீபக்கர் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, ஓடும் நிரலைத் தற்செயலான கணத்தில் நிறுத்தி, தற்செயலான முகவரியில் ஒரு பிட்டைப் புரட்டி, மறுபடி ஓடவிடுங்கள். ஓர் இரவில் ஆயிரக்கணக்கான முறை செய்யலாம். எந்த முகவரியில் புரட்டியபோது தவறான வெளியீடு வந்தது என்ற பட்டியல் காலையில் கையில் இருக்கும். அடுத்து எதைக் காக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

## அறிகுறி 8: ஒரே முகவரி, ஒரே பிட், திரும்பத் திரும்ப

எழுதியும் ஒட்டவில்லை என்றால் செல்லே போய்விட்டது. ரேம் சோதனையை நாலைந்து வடிவங்களோடு ஓட்டி உறுதி செய்யுங்கள். மாற்ற முடிந்த போர்டு என்றால் சிப்பை மாற்றுங்கள், அதற்கு மேல் ஆராய வேண்டாம். மாற்ற முடியாத இடத்தில் இருந்தால் அந்த முகவரியை விட்டு விலகுங்கள். வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற தரவு அனுப்பத் தொடங்கியது. ஒரு நினைவகச் சிப் பழுதானதைக் கண்டுபிடித்த பொறியாளர்கள், அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் விண்கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. இப்படி மாற்றுவதற்குப் புது நிரலை ஏற்றும் வழி முன்பே இருக்க வேண்டும். வடிவமைக்கும்போதே பூட்லோடரில் அதற்கு இடம் விடுங்கள்.

## அறிகுறி 9: ஃபிளாஷ் அல்லது ஈஈப்ராம் செக்சம் தவறுகிறது

ஈஈப்ராமும் ஃபிளாஷ் போல மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம், செக்சம் என்பது அதில் உள்ளது கெடவில்லை என்று சரிபார்க்கும் எண். இரண்டாம் முறை படித்தால் சரியாகிறதா? அப்படியென்றால் செல் நன்றாக இருக்கிறது, வாசிக்கும் பாதையில் கோளாறு. ஃபிளாஷ் காத்திருப்புச் சுழற்சி கடிகார வேகத்துக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள்.

மறுபடி படித்தாலும் தவறு என்றால், எழுதும்போது மின்சாரம் போனதுதான் மிகப் பொதுவான காரணம். பிரவுன்-அவுட் கண்டறிதல் இயக்கப்பட்டிருக்கிறதா, எழுதும் முன் மின்னழுத்தத்தைச் சரிபார்க்கிறீர்களா என்று பாருங்கள். அமைப்புத் தரவுக்கு இரண்டு இடம் ஒதுக்கி, மாறி மாறி எழுதுங்கள். எழுதுவது பாதியில் நின்றாலும் பழையது பிழைத்திருக்கும்.

ஃபிளாஷ் செல்கள் துகள் பட்டுப் புரள்வதில் எஸ்ரேமைவிட மிக உறுதியானவை. அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அழிக்கவும் எழுதவும் உயர் மின்னழுத்தம் தரும் சார்ஜ் பம்ப், மொத்தக் கதிர்வீச்சு சேரச் சேர முதலில் சாகும் பகுதிகளில் ஒன்று. "படிக்க முடிகிறது, அழிக்க முடியவில்லை" என்ற நிலை வந்தால் இதை நினையுங்கள். கூடவே தூக்க நிலை மின்னோட்டம் மாதந்தோறும் மெல்ல ஏறிவருகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் சிப் தன் ஆயுள் அளவை நெருங்கிவிட்டது. மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. மாற்றுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

## அறிகுறி 10: பக்கத்தில் கதிர்க்கருவி இயங்கும்போது மட்டும் தவறுகிறது

கருவி இயங்கும் நேரத்தையும் உங்கள் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரிய கருவி இயங்கும்போது மின்தொடரிலும் தரைக் கம்பியிலும் இரைச்சல் வரும் என்பதால், முதலில் போர்டை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் தவறினால், கதிர்மருத்துவ நேர்கோட்டு முடுக்கியில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 6 மெகாவோல்ட்டில் இயங்கும்போது பிழை இல்லை, 15 அல்லது 18-இல் வருகிறது என்றால் நியூட்ரான்தான். சுமார் 10 மெகாவோல்ட்டுக்கு மேலே போனால்தான் அவை குறிப்பிடத்தக்க அளவில் பிறக்கின்றன.

உடனே ஈயத் தகடு தேடாதீர்கள். எக்ஸ் கதிருக்கு உதவும் ஈயம் நியூட்ரானை நிறுத்தாது. ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎத்திலீன் நியூட்ரானை மெதுவாக்கும், போரான் கலந்தால் மெதுவானதை விழுங்கும். ஆனால் அதே போரான் சிப்புக்குள்ளேயே கண்ணாடி அடுக்காக இருந்தால் தீமை. போரான்-10 மெதுவான நியூட்ரானை விழுங்கியதும் ஆல்பா துகளை உமிழும், அது பக்கத்து செல்லைப் புரட்டும். 180 நானோமீட்டருக்கு முந்தைய பல சிப்களில் இந்த அடுக்கு இருந்தது. பழைய சிப்பை வைத்திருந்தால் புதிய தலைமுறைக்கு மாற்றிப் பார்ப்பது தடுப்புச் சுவரைவிட மலிவு. எல்லாவற்றையும்விட மலிவானது, போர்டை அறைக்கு வெளியே வைத்து சென்சாரை மட்டும் நீளமான கேபிளில் உள்ளே விடுவது. பாதிப் பேருக்கு இதுவே தீர்வாக அமைகிறது.

அந்த அறைக்குள் தடுப்பு எதையும் மாற்றும் முன் அங்கே பொறுப்பில் இருக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசியாக வேண்டும். சோதனைக்காகக் கதிரியக்க மூலம் எதையும் நீங்களாக வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. உண்மையான துகள் கற்றையில் சோதிக்க வேண்டிய கட்டம் வந்தால் பிரிட்டனின் சிப்ஐஆர், சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் போன்ற இடங்களில் நேரம் கேட்டு வாங்கலாம். கற்றை நேரம் விலை உயர்ந்தது, மணிக்கணக்கில்தான் கிடைக்கும். பிட் புரட்டும் ஸ்கிரிப்ட் ஓர் இரவு முழுவதும் சுத்தமாக ஓடி முடித்த போர்டை மட்டும் கொண்டுபோங்கள். அதே மாதிரி இரண்டு மாற்று போர்டுகளும், கற்றைக்கு வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு ரீசெட்டுக்கும் முந்தைய நிலையைப் பதிவு செய்யும் கணினியும் கூடவே இருக்கட்டும்.